நரையும் சாயமும்: பனியன் நகரில் முதுமை எய்துதல்

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் தோன்றி நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. 1925ஆம் ஆண்டில் குலாம் காதர் என்னும் முஸ்லிம் பெருமகனார் பின்னல் இயந்திரத்தைக் கொண்டுவந்து, 'பேபி நிட்டிங்' என்ற பெயரில் இவ்வூரின் முதல் பனியன் தொழிற்கூடத்தை நிறுவினார் என்று இத்தொழிலின் வரலாற்றை எழுதியோர் பதிவு செய்துள்ளனர். அதுவரை பனியன் என்றால் கல்கத்தா என்பதே வழக்கு. நூற்றாண்டை ஒட்டி நம்மவர் சிலர், இத்தொழிலின் தந்தை நம் சமுதாயத்தவர் என்று மேடைகளில் பெருமிதத்துடன் பேசுகின்றனர். பெருமிதத்தில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் தொழிலுக்கு வயது நூறு ஆகிவிட்டது என்று மகிழும் நாம், அத்தொழிலில் நாற்பத்தைந்து வயதை எட்டியவர் என்ன ஆகிறார் என்று கேட்பது அரிது. அக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. நம் நூல்களில் அதற்கு ஒரு பழைய விடையும் உண்டு.

இந்நகரம் எப்போதும் இளமையோடு சேர்த்தே நினைக்கப்பட்ட நகரம். நினைவகம் எழுப்பி ஊர் போற்றும் தியாகி குமரன் 1932 ஜனவரியில் உயிர்நீத்தபோது அவருக்கு வயது 27. காலையில் பனியன் கம்பெனிகளின் வாயில்களில் நுழையும் கூட்டத்தில் காணப்படுவனவும் பெரும்பாலும் இளம் முகங்களே. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் எனப் பல மாநிலங்களிலிருந்து வருவோர் இருபதை ஒட்டிய வயதினர். தமிழ்நாடோ முதுமை எய்திவரும் மாநிலம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் அறுபதைக் கடந்தோர் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர். தன் வீட்டில் இளமை குறையக் குறைய, அதை வெளியிலிருந்து வரவழைத்துக்கொள்ளும் ஊராகத் திருப்பூர் ஆகிவிட்டது. வரவழைக்கப்பட்ட இளமையும் ஒரு நாள் மூக்கும்.

வயதின் பெயர்கள்

அரபு மொழி வயதுக்குப் பெயர் சூட்டுவதில் சலிப்பறியாத மொழி. ஷாப், கஹ்ல், ஷைக், ஹரிம் என்று அது படிப்படியாக மனிதனைக் கொண்டுசெல்கிறது. முதுமைத் தளர்ச்சியைக் குறிக்கும் 'ஹரம்' என்னும் சொல்லும், எகிப்தின் கூம்புக் கோபுரத்தைக் குறிக்கும் சொல்லும் எழுத்திலும் உச்சரிப்பிலும் ஒன்றே. புனித எல்லையைக் குறிக்கும் ஹரமோ வேறு 'ஹா' கொண்டது. தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்றாகிவிடுவதால், முதலாண்டு மாணவர்கள் இதில் தடுமாறுவதும் சிரிப்பதும் வழக்கம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியவற்றுள் இந்த ஹரமும் ஒன்று. மருந்தில்லாத நோய் இல்லை என்று கூறிய அவர்கள், இதனை மட்டும் விதிவிலக்காக்கியதை அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் காணலாம்.

ஹிஜ்ரி 597இல் (கி.பி. 1201) மறைந்த பக்தாதின் இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள், ஆயுளின் பருவங்களைப் பற்றியே ஒரு சிறு நூல் எழுதினார்கள். பிறப்பு முதல் பருவமெய்தும் பதினைந்து வரை ஒன்று, முப்பத்தைந்து வரை இளமை, ஐம்பது வரை 'குஹூலா' என்னும் நடுவயது, எழுபது வரை 'ஷைகூகா' என்னும் முதுமை, அதற்கப்பால் ஹரம். ஐம்பதைக் கடந்துவிட்ட நான் இக்கணக்கின்படி ஷைகூகாவின் முற்பகுதியில் இருக்கிறேன். 'ஷைக்' என்னும் சொல் கிழவரையும் ஆசிரியரையும் ஒருங்கே குறிப்பது எம்மைப் போன்றோருக்கு ஓர் ஆறுதல். மருத்துவ மேதை இப்னு ஸீனா (ரஹ்) அவர்களோ வேறு அளவுகோல் கொண்டார்கள். முப்பது வரை உடல் வளரும், முப்பத்தைந்து அல்லது நாற்பது வரை நிலைபெறும், அறுபது வரை வலிமை முற்றும் போகாமலே சரியும், பின்னர் முதுமை. சரிவு என்பது வலிமை எஞ்சியிருக்கும்போதே தொடங்கிவிடுகிறது என்னும் அவர்களின் நுட்பமான பார்வை, பின்னால் நாம் பேசப்போகும் பொருளுக்கு இன்றியமையாதது.

தமிழ் இலக்கண மரபு இன்னும் கடுமையானது. பெண்ணின் ஏழு பருவங்களைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை வகுத்த பாட்டியல் நூலார், நாற்பதில் நிறுத்திக்கொண்டனர். அதற்கு மேற்பட்ட பெண்ணுக்கு உலா இலக்கியத்தில் இடமில்லை. ஆணுக்கு விடலைப் பருவம் முப்பதில் முடிகிறது. அதற்கு மேல் அவன் முதுமகன். சராசரி ஆயுள் குறைந்திருந்த காலத்துக் கணக்கு இது. 1951இல்கூட இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டு அளவிலேயே இருந்தது. இன்று அது எழுபதை ஒட்டி நிற்கிறது. ஆயுள் இரு மடங்காகிவிட்ட பிறகும், முப்பதைத் தாண்டினால் முதுமகன் என்னும் கணக்கு ஓரிடத்தில் மட்டும் மாறாமல் இருக்கிறது. தையல் இயந்திரத்தின் முன்னால்தான் அது.

நரையைப் பற்றி இரு மரபுகளும் கூறும் இரு செய்திகளை இணைத்துப் பார்க்கலாம். புறநானூற்றுப் புலவர் பிசிராந்தையாரிடம், ஆண்டு பல ஆகியும் உமக்கு நரை இல்லாதது எப்படி என்று கேட்கப்பட்டது. தம் மனைவி மக்களின் மாண்பு, தம் கருத்தறிந்து நடக்கும் ஏவலர், அல்லவை செய்யாத வேந்தன், தம் ஊரில் வாழும் அடக்கமுடைய சான்றோர் ஆகிய இவையே காரணம் என்று அவர் விடையிறுத்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அபூபக்ர் (ரலி) அவர்கள், தங்களுக்கு நரை தோன்றிவிட்டதே என்றபோது, ஹூத் அத்தியாயமும் அதனையொத்த அத்தியாயங்களும் தம்மை நரைக்கச் செய்தன என்னும் கருத்தில் பதிலளித்தார்கள். ஒருவர் நரையாமைக்கும் மற்றவர் நரைக்கும் காரணம் கூறினாலும் இருவருமே வயதைக் காரணமாகக் கூறவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. புலவரின் விடையில் வீடும், வேலையிடமும், அரசும், ஊரும் அடங்கிவிடுகின்றன. திருப்பூரின் முதியோரைப் பற்றி ஆய்வு செய்ய விரும்பும் மாணவருக்கு இதைவிடச் சிறந்த பகுப்புமுறை கிடைக்காது என்பது என் கருத்து.

ஏணி இருந்த காலம்

பனியன் தொழிலில் முதுமை எய்துவது முன்பும் எளிதாக இருந்ததில்லை. ஆனால் அதற்கு ஒரு வழி இருந்தது. சிறுவனாகக் 'கைமடி' வேலைக்குச் சேர்பவன், துணியை மடித்துக் கொடுத்துக்கொண்டே தொழிலைக் கண்ணால் கற்றான். பின்னர் தையல் இயந்திரத்தில் அமர்ந்தான். அதன்பின் கட்டிங் மேசைக்கு உயர்ந்தான். சிலர் இரண்டு மூன்று பேராகக் கூட்டுச் சேர்ந்து, நான்கு இயந்திரங்களை வாடகைக்கு எடுத்துச் சிறு கம்பெனி தொடங்கினர். ஷரத் சாரி என்னும் ஆய்வாளர் திருப்பூரைப் பற்றி 2004இல் வெளியிட்ட நூல், உழவுக் குடும்பங்களிலிருந்து வந்து தொழிலாளியாகி முதலாளியான கொங்கு வேளாளர்களின் இந்த ஏற்றத்தை விரிவாக ஆராய்கிறது. தங்கள் உயர்வுக்கு அவர்கள் கூறிய காரணம் ஒரே சொல்: உழைப்பு. அன்று வயது ஏறுவதும் தொழிலில் ஏறுவதும் ஓரளவு ஒரே ஏணியில் நிகழ்ந்தன. நாற்பது வயதில் கண் மங்கத் தொடங்கும்போது, ஊசியில் நூல் கோக்கும் வேலை இளையவனுக்குப் போய்விடும். மூத்தவன் கணக்குப் பார்ப்பான், சரக்கு வாங்குவான், ஆள் சேர்ப்பான்.

இந்த ஏணி எல்லோருக்கும் பொதுவாக இருந்தது என்று கூறிவிட முடியாது. நிலமும் உறவு வலையும் உடையவர்க்கே அதன் மேற்படிகள் எட்டின. பெண்களுக்கு அது கிடைக்கவே இல்லை. முதல் இயந்திரத்தைக் கொண்டுவந்தவர் முஸ்லிமாக இருந்தும், பிற்காலத்தில் உற்பத்தியின் தலைமை வேறு சமூகத்தாரிடம் சென்றது. நம்மவரில் பலர் காதர்பேட்டை போன்ற இடங்களில் வணிகத்திலும், அதைவிட அதிகமானோர் கூலித் தையலிலும் நிலைத்தனர். இதனை யாருடைய சதியாகவும் பார்ப்பதற்கில்லை. முதலும் கூட்டும் எங்கே திரண்டனவோ அங்கே தொழில் சென்றது.

1984ஆம் ஆண்டில் பஞ்சப்படி கோரித் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் 127 நாள்கள் நீடித்தது. இன்றைய எழுபது வயதினருக்கு அதுவே இளமையின் அடையாள நிகழ்ச்சி. அதனையடுத்த ஆண்டுகளில் ஏற்றுமதி பெருகியது. இத்தாலியிலிருந்தும் பிற ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் வாங்குவோர் எழுபதுகளின் இறுதியிலிருந்தே வரத் தொடங்கியிருந்தனர். திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் 1990இல் அமைந்தது. ஆர்டர் வரும்போது இரவும் பகலும் வேலை, வராதபோது வேலையின்மை என்னும் ஏற்றுமதியின் தன்மைக்கேற்ப, நேரடி வேலையாள் குறைந்து காண்ட்ராக்டர் முறையும் பீஸ் ரேட்டும் பரவின. பீஸ் ரேட் முறையில் முதலாளி யாரையும் முதியவர் என்று கூறி நீக்க வேண்டியதே இல்லை. கை வேகம் குறையும்போது கூலி தானாகவே குறையும். வார இறுதியில் அவரே கணக்குப் பார்த்து விலகிக்கொள்வார். ஒருவரின் முதுமையை அவரைக்கொண்டே அளந்து அறிவிக்கச் செய்யும் அமைப்பு இது. 2005 ஜனவரியில் உலக ஆடை வணிகத்தின் ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்து, பெரிய ஆலைகளும் தொழிலாளர் விடுதிகளும் பெருகியபின், கைமடியிலிருந்து கூட்டுக் கம்பெனி வரை நீண்ட பழைய ஏணியில் படிகள் பல காணாமற்போயின.

ஓவர்லாக் இயந்திரத்திலிருந்து எழுந்தவர் எங்கே செல்கிறார்? ஆண்களில் சிலர் கம்பெனி வாயிலில் வாட்ச்மேனாக அமர்கின்றனர். சிலர் செகண்ட்ஸ் பனியன்களை மூட்டையாக வாங்கித் தெருவோரம் விற்கின்றனர். பெண்கள் பிசிறு வெட்டும் வேலைக்குத் திரும்புகின்றனர். தைத்து முடித்த ஆடையில் தொங்கும் நூல் நுனிகளைக் கத்தரிக்கும் இந்த வேலை, பலருக்குத் தொழிலில் அவர்கள் முதன்முதலில் செய்த வேலையாகவும் இருக்கும். அர்ரூம் அத்தியாயம் (30:54) மனிதன் பலவீனத்திலிருந்து பலம் பெற்று, மீண்டும் பலவீனத்திற்கும் நரைக்கும் திரும்புவதைப் பேசுகிறது. அதற்கு விரிவுரை கூறும்போதெல்லாம் இந்தப் பெண்களின் கத்தரிக்கோல் என் நினைவுக்கு வருவதுண்டு.

எண்ணும் இயலாமையும்

முதுமைக்கு ஓர் எண்ணைக் குறித்து, அந்த எண்ணிலிருந்து பணம் வழங்கும் வழக்கம் மிக அண்மைக் காலத்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889இல் கொண்டுவந்த சட்டம் எழுபது வயதை எல்லையாக்கியது; 1916இல் அது அறுபத்தைந்தாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் ஆதரவற்ற முதியோருக்கான ஓய்வூதியம் 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நடுவணரசின் முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 65 என்றிருந்த வயது 2011இல் 60 ஆக்கப்பட்டது. ஆலிம்களுக்கும் பள்ளிவாசல் பணியாளர்களுக்குமான உலமா ஓய்வூதியத்தைத் தமிழக அரசு 1981இல் தொடங்கியதையும், 2009இல் அவர்களுக்கென நலவாரியம் அமைத்ததையும் இங்கே நன்றியுடன் குறிப்பிட வேண்டும்.

தொழிலாளருக்கு வேறு ஒரு வழி உண்டு. வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952இல் வந்தது. அதன்கீழ் ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பரில் சேர்ந்தது. பத்தாண்டுப் பணியை நிறைவு செய்தவர்க்கு 58 வயதில் மாத ஓய்வூதியம். 2014 முதல் அதன் குறைந்த அளவு 1,000 ரூபாய். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அச்சட்டம் இருபது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களுக்கே உரியது. 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த இருபது மாறவில்லை. எட்டுப் பேர், பத்துப் பேர் கொண்டு ஜாப் ஒர்க் செய்யும் கூடங்கள் நிறைந்த ஊரில் பலர் அதன் வாயிலுக்கே வருவதில்லை. வந்தவர்களிலும் பலர், ஒரு கம்பெனியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதும், மகளின் நிக்காஹ் வரும்போதும் சேர்ந்த தொகையை எடுத்துவிடுகின்றனர். பத்தாண்டுக் கணக்கு முறிந்துபோகிறது. இருபத்தைந்து ஆண்டுகள் தைத்தும் பத்தாண்டுப் பணிக்குச் சான்று இல்லாதவர் என்னும் விந்தையான மனிதர் இப்படித்தான் உருவாகிறார்.

இங்கேதான் நம் நூல்களின் பழைய விடையை நோக்க வேண்டும். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காக இமாம் அபூயூஸுஃப் (ரஹ், மறைவு ஹி. 182/கி.பி. 798) எழுதிய 'கிதாபுல் கராஜ்' என்னும் வருவாய் இயல் நூலில் இரு செய்திகள் உள்ளன. ஒன்று, ஹிஜ்ரி 12இல் (கி.பி. 633) ஹீரா நகரத்துக் கிறித்தவர்களோடு காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் செய்த உடன்படிக்கை. வேலை செய்ய இயலாதவாறு தளர்ந்துவிட்ட முதியவர், துன்பம் ஏதேனும் தாக்கியவர், செல்வராக இருந்து வறியவராகித் தம் சமயத்தாரின் தர்மத்தை நாடும் நிலைக்கு வந்தவர் ஆகிய மூவகையினர்க்கும் ஜிஸ்யா வரி நீங்கும். அவர்களும் அவர்களை நம்பியிருப்போரும் பைத்துல்மாலிலிருந்து பராமரிக்கப்படுவர் என்பது அதன் விதி. மற்றொன்று உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்கால நிகழ்ச்சி. வாயில்தோறும் இரந்து நின்ற கண்ணிழந்த யூத முதியவர் ஒருவரிடம், இந்நிலைக்குக் காரணம் என்ன என்று கலீஃபா வினவ, வரியும் வறுமையும் வயதும் என்று அவர் கூறினார். உமர் (ரலி) அவர்கள் அவரைக் கைப்பிடித்து இல்லத்துக்கு அழைத்துச் சென்று இருந்ததைக் கொடுத்தார்கள். பின்பு பைத்துல்மால் பொறுப்பாளருக்கு ஆணையனுப்பி, இவரையும் இவரைப் போன்றோரையும் கவனிக்குமாறு பணித்தார்கள். இவருடைய இளமையின் பயனை நாம் நுகர்ந்துவிட்டு முதுமையில் தள்ளிவிடுவது நீதியாகாது என்பது அவர்கள் கூறிய காரணம்.

இவ்விரண்டையும் காட்டி, உலகின் முதல் ஓய்வூதியத் திட்டம் இஸ்லாம் தந்தது என்று நம் மேடைகளில் முழங்குவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓய்வூதியம் என்பது ஒருவர் செய்த பணிக்காக ஒத்திவைக்கப்பட்ட ஊதியம். ஹீரா உடன்படிக்கையில் உள்ளது வறியோர் பராமரிப்பு. இல்லாத பெருமையைச் சேர்க்கப்போய், அங்குள்ள உண்மையான நுட்பத்தைத் தவறவிடுகிறோம். அவ்வுடன்படிக்கையில் வயது என்று ஓர் எண் கிடையாது. வேலைக்கு இயலாமை என்பதே அதன் அளவுகோல். ஒருவர் எழுபதிலும் உழுதுகொண்டிருக்கலாம். மற்றொருவர் நாற்பத்தைந்தில் தளர்ந்துவிடலாம். சட்டம் அவரவர் உடலைப் பார்த்துப் பேசியது. இப்னு ஸீனா கண்ட அந்தச் சரிவுப் பருவத்துக்கு நவீனச் சட்டத்தில் பெயரே இல்லை. திருப்பூர்த் தையற்காரரின் துயரம் முழுவதும் அந்தப் பருவத்தில்தான் இருக்கிறது. கண்ணும் முதுகும் நாற்பத்தைந்தில் அவரை முதியவராக்கிவிட்டன. அரசாங்கத்தின் பார்வையில் அவர் முதியவராக இன்னும் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

நரைக்குச் சாயம்

சாயப்பட்டறைகளால் பெயர்பெற்று, அவற்றின் கழிவால் நொய்யல் ஆற்றை இழந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் அப்பட்டறைகள் மூடப்பட்டதையும் கண்ட ஊர் இது. இங்கு மார்க்க விளக்கம் கேட்டு வருவோர் தயங்கித் தயங்கிக் கேட்கும் ஒரு சாயக் கேள்வி உண்டு. வேலை கேட்கப் போகுமுன் தலைநரைக்குக் கறுப்புப் பூசிக்கொள்ளலாமா?

மக்கா வெற்றியின்போது (ஹி. 8/கி.பி. 630) அபூபக்ர் (ரலி) அவர்களின் முதிய தந்தை அபூகுஹாஃபா, வெண்பூப் போல நரைத்த தலையோடு நபியவர்களிடம் அழைத்துவரப்பட்டார். அந்நரையை நிறம் மாற்றுமாறும் கறுப்பைத் தவிர்க்குமாறும் நபியவர்கள் பணித்ததாக முஸ்லிம் தொகுப்பில் வருகிறது. முஸ்னது அஹ்மதில் உள்ள அறிவிப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. இம்முதியவரை ஏன் வரவழைத்தீர்கள், வீட்டிலேயே இருக்கவிட்டிருந்தால் நானே அவரிடம் வந்திருப்பேனே என்று அபூபக்ர் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் கூறினார்கள். வெற்றி பெற்று நகருள் நுழைந்த தலைவர் ஒரு கண்பார்வை இழந்த கிழவரின் வீட்டுக்குத் தாமே செல்லத் தயாராக இருந்த இந்தச் செய்தியை விட்டுவிட்டு, சாயத்தின் நிறத்தை மட்டும் நாம் மணிக்கணக்கில் விவாதிப்பது ஏன் என்று எனக்கு விளங்குவதில்லை.

நிறத்தைப் பற்றியும் இமாம்கள் ஒரே குரலில் பேசவில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் கறுப்பு ஹராம் என்பதையே ஷாஃபிஈ மத்ஹபின் சரியான கருத்தாகக் கொண்டார்கள். ஹனஃபீ மத்ஹபில் பெரும்பாலோர் மக்ரூஹ் என்றனர். அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள், மனைவி தமக்காக அலங்கரித்துக்கொள்வதைத் தாம் விரும்புவது போலவே அவளும் விரும்புவாள் என்று கூறி அனுமதித்ததாக அம்மத்ஹபின் நூல்கள் குறிக்கின்றன. போர்க்களத்தில் பகைவர் முன் இளமையாகத் தோன்றுவதற்கு அனுமதி உண்டு என்பதில் பெரும்பாலும் கருத்து வேறுபாடில்லை. தலை தூக்கி நிற்க வேண்டிய களம் எது என்பது காலத்துக்குக் காலம் மாறும் அல்லவா?

ஆனால் கேட்பவரின் உண்மையான அச்சம் நிறமன்று, ஏமாற்று. ஷாஃபிஈ நூல்களின் வணிக இயலில், விற்கப்படும் அடிமையின் தலைமுடிக்குக் கறுப்பேற்றி இளமையாகக் காட்டுவது, பால் கறக்காமல் மடியைப் பெருக்கச் செய்து கால்நடையை விற்பதற்கு ஒப்பான மோசடியாகக் கூறப்படுகிறது. வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம். அங்கே விற்பனையாவது ஆள். கூலி ஒப்பந்தத்தில் விற்பனையாவது உழைப்பின் பயன். அதிலும் பீஸ் ரேட்டில், தைத்த ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்த்தே காசு. மெதுவாகத் தைப்பவர் குறைவாகப் பெறுகிறார். முதலாளிக்கு அதனால் கூலியில் இழப்பில்லை. அப்படியிருக்க அவருடைய நரை யாரை ஏமாற்றுகிறது? ஃபத்வா வழங்கும் தகுதி முஃப்திகளுக்குரியது. அவர்களின் முன் இக்கேள்வியை இந்த வடிவத்தில் வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். நாற்பத்தைந்து வயதில் ஒருவர் நரையை மறைத்தால்தான் வாயிலைக் கடக்க முடியும் என்னும் நிலையைப் பற்றிய கேள்வி, சாயம் பூசியவரோடு நின்றுவிடக் கூடாது.

ஸகாத்தின் கணக்கு

நம் கைக்கு எட்டிய ஒன்றைப் பற்றிக் கூறி முடிக்கிறேன். ஒருவருக்கு ஸகாத் எவ்வளவு கொடுக்கலாம் என்ற வினாவுக்கு இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'அல்மஜ்மூஃ' நூலில் தரும் விளக்கம் வியப்பூட்டுவது. தொழில் தெரிந்த வறியவருக்கு அவருடைய தொழிற்கருவியை வாங்கும் அளவு, அது குறைவாயினும் அதிகமாயினும் கொடுக்க வேண்டும். வணிகருக்கு அவ்வணிகத்துக்குரிய முதல். எத்தொழிலும் செய்ய இயலாதவருக்கு, அவர் ஊரில் அவரை ஒத்தோர் வழக்கமாக வாழும் ஆயுளின் எஞ்சிய காலத்துக்குப் போதுமான அளவு. அந்த வழக்கமான ஆயுளைப் பிற்கால ஷாஃபிஈ அறிஞர்கள் அறுபது என்ற அளவில் வைத்தனர். அதைக் கடந்தவர்க்கு ஆண்டுக்காண்டு கொடுக்கச் சொன்னார்கள். ஹனஃபீ மத்ஹபில் ஒருவருக்கே நிஸாப் அளவுக்கு மேல் கொடுப்பது மக்ரூஹ்; கடனாளிக்கும் குடும்பச் சுமை உடையவருக்கும் அதில் விலக்கு உண்டு. கொங்கு நாட்டு ராவுத்தர் மஹல்லாக்கள் பெரும்பாலும் ஹனஃபீ வழியினவாதலால் இந்த விலக்கு நமக்கு முதன்மையானது. நாற்பத்தைந்து வயதுத் தையற்காரரில் கடனும் குடும்பமும் இல்லாதவர் யார்?

இரு மத்ஹபுகளிலும் எந்த வழியில் கணக்கிட்டாலும், ரமளான் இருபத்தேழாம் நாளில் வரிசையில் நிற்கவைத்து ஒரு புடவையும் சில நூறு ரூபாய்களும் கொடுக்கும் நம் வழக்கத்துக்கு அங்கே ஆதாரம் தேடுவது கடினம். வேகம் குறைந்துபோனவருக்குச் சொந்தமாக ஓர் ஓவர்லாக் இயந்திரம், வீட்டிலேயே காஜா எடுக்கும் வசதி, தெருவோரக் கடைக்குச் சரக்கு என்று கொடுத்தால், அறுபது வரையுள்ள அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அவர் ஸகாத் பெறுபவராகவே தொடர வேண்டியதில்லை. அறுபதைக் கடந்து முற்றும் தளர்ந்தோர்க்கு ஆண்டு முழுமைக்கான ஏற்பாடு வேறு.

அல்கஸஸ் அத்தியாயத்தில் (28:23–27) மத்யன் நகரத்து நீர்நிலையில் இரு பெண்கள் ஆடுகளோடு ஒதுங்கி நிற்கும் காட்சி வருகிறது. தாங்கள் வெளியில் வந்து இவ்வேலை செய்வதற்கு அவர்கள் கூறும் காரணம், தந்தை மிக முதியவராகிவிட்டார் என்பது. அம்முதியவர் நபி ஷுஐப் (அலை) அவர்களே என்பது பரவலான கருத்து. அதில் ஐயம் உடையோரின் கூற்றையும் இப்னு கஸீர் (ரஹ்) தம் விரிவுரையில் எடுத்துக்காட்டுகிறார்கள். மகளில் ஒருத்தியின் பரிந்துரைப்படி மூஸா (அலை) அவர்களைப் பணிக்கமர்த்தும் அவர், எட்டாண்டு கட்டாயம், பத்தாக்குவது உம் விருப்பம் என்று காலத்தை வரையறுத்து, சிரமப்படுத்த மாட்டேன் என்றும் உறுதியளிக்கிறார். முதுமையால் உழைக்க இயலாத தந்தை, வேலைக்குச் செல்லும் மகள்கள், வெளியூரிலிருந்து வந்த வலிமைமிக்க இளைஞர்: இந்த மூவரும் திருப்பூரின் எந்தத் தெருவிலும் இருக்கின்றனர். தந்தைக்கு ஐம்பதுதான் ஆகியிருக்கும்.

நம் மஹல்லா ஜமாஅத்துகள் குடும்பப் பதிவேடு வைத்திருக்கின்றன. சந்தா, நிக்காஹ், ஜனாஸா எல்லாம் அதில் ஏறுகின்றன. நாற்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் இடையில் வேலையை விட்டு நின்றவர் யார், அவருக்குத் தெரிந்த தொழில் எது, வைப்பு நிதியில் அவர் பெயரில் எத்தனை ஆண்டுக் கணக்கு எஞ்சியிருக்கிறது என்று குறிக்கும் ஒரு பத்தியை அதில் சேர்ப்பதற்குப் புதிய கட்டடமோ நன்கொடையோ தேவையில்லை. கணினி தெரிந்த இளைஞர் இருவரும் பழைய பனியன் தொழிலாளி ஒருவரும் ஒரு மாதம் வீடுவீடாகச் சென்றால் போதும். ரமளானுக்கு முன் ஷஅபான் மாதத்திலேயே தொடங்கிவிட்டால், ஸகாத் பிரிக்க அமரும்போது அந்தப் பட்டியல் மேசைமேல் இருக்கும்.